பத்தொன்பதாம் பக்கம்

சாட்ஸ்வொர்த்தில் கல்யாணக் கச்சேரியை
மூட்டை கட்டிவிட்ட ஒருவரிடம் வாங்கினேன் இந்த மைக்கை.
நானூறு ராண்ட்.
அதன் வலைமூடியில் இன்னும் யாரோ ஒருத்தியின் உதட்டுச்சாயம்.
ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.

ஒயரின் முனை கட்டைவிரல் பருமன்.
மடிக்கணினியின் துளையோ மூக்குத்திக்குக் குத்தியது போல.
கடைப்பையன் ஒரு ப்ளக்கை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்:
"கறுப்பு வளையம் ரெண்டு இருந்தா காதுக்கு மட்டும், அங்கிள்.
மூணு இருந்தாத்தான் வாய்க்கும் சேர்த்து."
ஐம்பத்தெட்டு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

மாட்டினேன். திரையில் பச்சைக் கம்பம் குதித்தது.
அரைமணி படித்த பிறகு ஒரு சந்தேகம்.
மைக்கை நகத்தால் சுரண்டினேன், கம்பம் அசையவில்லை.
கணினியின் நெற்றியைச் சுரண்டினேன், துள்ளியது.
அவ்வளவு நேரமும் அது
தன் சொந்தக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது,
குக்கர் விசிலையும், நான் விட்ட இரண்டு கெட்ட வார்த்தையையும்.

அதைச் சரிசெய்தால்
இரைச்சல்.
ம்ம்ம் என்று ஒரே சுதியில்,
என் குரலுக்கு அடியில் யாரோ துணி வைக்காமல்
தையல் மெஷின் ஓட்டுவதுபோல.
ஃப்ரிட்ஜை அணைத்தேன். ட்யூப்லைட்டை அணைத்தேன்.
மீன்தொட்டியையும், கொஞ்ச நேரத்துக்கு.
"அடுத்து என்னை அணைக்கணுமா?" என்றாள் சரோஷினி.
எந்த அர்த்தத்திலும் எனக்கு அப்போது நேரமில்லை.

பூபாலனுக்காக இது.
ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து இடம்.
நான் மேல்தோல் தைப்பேன், அவன் அடி ஒட்டுவான்.
இப்போது சர்க்கரை அவன் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது.
தீர்ப்பு வந்திருக்கிறது, முப்பத்தொரு பக்கம்.
போனில் படித்துக் காட்டுகிறேன் என்றேன்.
"வேண்டாம், பதிஞ்சு கொடு.
நிறுத்தி நிறுத்திக் கேட்கணும்.
நீ லைன்ல இருந்தா நிறுத்தச் சொல்ல கூச்சமா இருக்கும்."

வியாழன் இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஸ்டேஜ் நாலு. ஃபீனிக்ஸ் முழுக்க ஒரே 'ச்சே'.
நானும் திட்ட வாயெடுத்தேன்,
மூடிக்கொண்டேன்.
ஹெட்போனுக்குள் ஒன்றுமே இல்லை.
கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது மாதிரி
அப்படி ஒரு ஒன்றுமில்லாமை.

சார்ஜர் வழியாகத்தான் வந்திருக்கிறது சனியன்,
சுவரிலிருந்து, மூன்று நாளாக.

பேட்டரி நாற்பத்தொரு சதம்.
பக்கத்து வீட்டு மூட்லி ஜெனரேட்டரை உசுப்பக் கால்மணியாகும்:
டார்ச் தேடுவார், பெட்ரோல் தேடுவார்,
இரண்டும் கிடைத்த பிறகு மகனைத் திட்டுவார்.
முதல் பதினைந்து பக்கம் இரைச்சலோடே கிடக்கட்டும் என்று
போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டு
திரை வெளிச்சத்தில் படித்தேன்.
பதினாறு. பதினேழு. வியர்வை கண்ணில் இறங்கியது.
"பிரதிவாதி நிறுவனம்" என்கிறபோது
எனக்கே நான் வக்கீல் போலக் கேட்டேன்.

பத்தொன்பதாம் பக்கம், ஏழாவது பத்தி.
கீழ்க்கண்ட மனுதாரர்களின் கோரிக்கை
காலம் கடந்து வந்ததால் நிராகரிக்கப்படுகிறது.
பதினெட்டாவது மனுதாரர், பூபாலன்.
பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தார்கள். சேர்த்துப் படித்தேன்.
இருபத்துமூன்றாவது மனுதாரர்,

நான்.

என் பெயரையும் படித்தேன், அப்பன் பெயரோடு.
முற்றுப்புள்ளிக்கு வந்தபோது
மூட்லி கயிற்றை இழுத்தார்.
திரும்பப் பதிய இடமில்லை, பேட்டரியும் இல்லை.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் போன் செய்தான்.
நிராகரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"நல்லா விழுந்திருக்குடா,
பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி.
ஆனா பதினோராம் நிமிஷத்துல,
உன் பேருக்கு முன்னாடி, ஒரு சத்தம் வருதே,
அது என்ன?"

மூட்லியின் ஜெனரேட்டர் என்றேன்.

"இல்லை," என்றான்.
"அது அப்புறம் வருது."